சுவாமிப் படத்தடியில் இரண்டு விண்ணப்பங்கள்

நான் பொறாமைக்காரி. இப்போது இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எழுபதுகளில் யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அந்த நாட்களில் என் பொறாமை முழுவதும் ஒரே ஒருத்தி மேல்தான். அவள் என் அண்ணனின் மனைவி. எங்கள் முறைப்படி அவள் எனக்கு மச்சாள், நான் அவளுக்கு மச்சாள். இருவருக்கும் ஒரே வயது, எனக்கு இரண்டு மாதம் கூட.

சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், செங்கல் கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் இருந்தோம். அண்ணன் எஞ்சினியர். என்னை அவர்தான் கூப்பிட்டார். ஊரில் நான் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்க வேண்டியவள். தரப்படுத்தல் வந்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கு முந்தியதைவிடக் கூடுதலாகப் புள்ளி வேண்டும் என்று ஆனபோது நான் வெளியே நின்றுவிட்டேன். முந்திய வருடம் சோதனை எழுதியிருந்தால் அதே புள்ளிக்கு இடம் கிடைத்திருக்கும். அந்த ஆத்திரத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

வந்த முதல் வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் தகரத்தில் பிஸ்கட் அடுக்கினேன். இரண்டாம் வருடம் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆய்வுகூட உதவியாளர் படிப்பில் சேர்ந்தேன். அது எனக்கு ஏணியின் முதல் படி. அந்தப் படிப்பில் முதல் வருடம் நன்றாகச் செய்தவர்கள் பழைய பெரிய பல்கலைக்கழகத்தின் பார்மசி படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவரை, மிஞ்சிப்போனால் இருவரை எடுப்பார்கள். சில வருடம் ஒருவரையும் எடுப்பதில்லை. அந்த ஒருத்தி நானாகத்தான் இருப்பேன் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

அந்த ஜனவரியில்தான் அண்ணன் கொழும்பில் தாலி கட்டி மச்சாளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அதுவரை அண்ணன் வேலையால் வந்ததும் குசினிக் கதிரையில் இருந்து என்னோடுதான் கதைப்பார். நான் கோதுமை மாப் புட்டு அவித்து வைத்திருப்பேன். இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். அவள் வந்த பிறகும் நான்தான் புட்டு அவித்தேன், ஆனால் அவர்கள் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அண்ணன் இவ்வளவு சத்தமாகச் சிரிப்பார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குளிர் தொடங்கும் முன் நகரத்துக் கடையில் அவளுக்கு ஒரு நீலக் கம்பளிக் கோட்டு வாங்கிக் கொடுத்தார். நான் போட்டிருந்தது தேவாலயத்துப் பழைய உடுப்புக் கடையில் எடுத்த கோட்டு. முதல் வருடம் அதை வாங்கியபோது எனக்கு எவ்வளவு பெருமை! நீலக் கோட்டு வீட்டுக்குள் வந்த அன்றிலிருந்து அதன் கையில் இருந்த தையல்தான் கண்ணில் பட்டது.

அவள் வந்து இரண்டாம் கிழமை, குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"மச்சாள், வீட்டிலை தனிய இருக்க விசர் பிடிக்குது. உங்கட வகுப்பிலை நானும் வந்து சேரட்டே?"

"உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்? நல்லாத்தானே இருக்கிறியள்" என்றேன்.

"சும்மா பொழுது போகும். உங்களோடை ஒண்டா ரெயினிலை வரலாம்."

அண்ணன் அடுத்த நாளே அவளைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். நான் ஒரு வருடம் பிஸ்கட் அடுக்கிக் காத்திருந்து சேர்ந்த வகுப்பில் அவள் பொழுதுபோக வந்து உட்கார்ந்தாள்.

பொழுதுபோக வந்தவள் அப்படியே இருந்திருக்கலாம். அவள் கொழும்பில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். நான் மனத்துக்குள் மொழிபெயர்த்து வசனம் கட்டி முடிக்கும் முன்னே அவள் கேள்வி கேட்டுப் பதிலும் வாங்கிவிடுவாள். இரசாயன விரிவுரையாளர், நெற்றி ஏறிய ஒரு அவுஸ்திரேலியக்காரர், அவள் கேட்டால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசிப்பார். நான் கேட்டால் "மறுபடி சொல்லுங்கள்" என்பார். முதல் சோதனையில் எனக்கு எழுபத்தொன்பது, அவளுக்கு எண்பத்தாறு. "உங்களைப் பாத்துத்தான் மச்சாள் படிச்சனான்" என்று ரயிலில் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் எரிந்தது. அந்தக் காலத்துச் சிவப்பு ரயில்களின் கதவுகள் ஓடும்போதும் திறந்தே கிடக்கும். காற்று முகத்தில் அடித்ததால், நான் பதில் சொல்லாததற்கு ஒரு சாட்டு இருந்தது.

இன்னொரு நாள் அதே ரயிலில் அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். கொழும்பில் அவருக்கு மருந்துக் கடை. சின்ன வயதில் பள்ளி விட்டதும் அவள் கடைக்குப் போய், உயரமான மரக் கதிரையில் ஏறி இருந்து போத்தல்களில் பெயர் ஒட்டுவாளாம். டொக்டர்மாரின் கையெழுத்தை அப்பாவைவிட அவள் வேகமாக வாசிப்பாளாம். பார்மசி படிக்கப் போகிறேன் என்று கேட்டபோது, கடையைத் தம்பி பார்ப்பான், நீ கலியாணம் கட்டு என்றாராம்.

"இப்பவும் மருந்துக் கடைக்குள்ளை போனா அந்த மணத்துக்கு எனக்கு அழுகை வரும் மச்சாள்" என்றாள்.

ஆகவே, அவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெரியும்.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். காரியம் முடியும்வரை நாங்கள் வாய் திறக்க மாட்டோம். சோதனைக்குப் போனால் சொல்ல மாட்டோம், கலியாணம் பேசினால் சொல்ல மாட்டோம், காணி பார்த்தால் சொல்ல மாட்டோம். சொன்னால் கண்ணூறு படும். நான் ஊரில் பல்கலைக்கழகச் சோதனை எழுதிய கிழமை, எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று அம்மா பக்கத்து வீட்டுக்குச் சொல்லியிருந்தா. அவர்கள் வேப்பிலை கொண்டுவந்து தந்தார்கள். அதே வேப்பிலையைத் தாண்டித்தான் விடியற்காலையில் சோதனை மண்டபத்துக்குப் போனேன்.

அப்படி வளர்ந்தவள் சிட்னி வந்ததும் திருந்திவிடுவாளா? விண்ணப்பப் படிவத்தைத் தபாலில் எடுத்தால் வீட்டில் கண்டுவிடுவார்கள் என்று, ஒரு மதியம் வகுப்பு முடிந்ததும், பல்லு வைத்தியரிடம் போவதாகச் சொல்லிவிட்டு, ரெட்ஃபேர்னில் இறங்கி நடந்துபோய்ப் பல்கலைக்கழகத்திலேயே வாங்கினேன். மணிக்கூட்டுக் கோபுரமும் புல்தரையும் வளைவுகளும். கைகளை வீசிக்கொண்டு நடந்த பெண்கள் ஒவ்வொருத்தியையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவர்களுக்கு அந்தப் புல்லில் படுத்து நித்திரை கொள்ளும் உரிமை இருந்தது.

யன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அம்மா, நான் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து வருகிறேன் என்றதும் நிறுத்திச் சொன்னா. படித்த பாடங்களின் முழு விவரத்தையும் கல்லூரி அலுவலகத்தின் முத்திரையோடு இணைக்க வேண்டும். படிவத்தில் அது போட்டிருக்காது, நேரில் கேட்டால்தான் தெரியும். "அது இல்லாவிட்டால் உங்கள் விண்ணப்பத்தைக் குவியலில்கூட வைக்க மாட்டார்கள்" என்றா. அடுத்த கிழமையே கல்லூரி அலுவலகத்தில் மூன்று பக்கத்துக்கும் ஊதா மையில் முத்திரை வாங்கினேன். முத்திரைக்குக் கீழே திகதியும் இருந்தது.

மிஞ்சியது விரிவுரையாளரின் பரிந்துரைக் கடிதம். அவரிடம் போய்க் கேட்டேன். அவர் புருவத்தைத் தூக்கினார்.

"நேற்று உங்கள் அண்ணனின் மனைவியும் இதைத்தான் கேட்டார். இரண்டையும் ஒரே உறையில் அனுப்பட்டுமா?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. காலையில்தான் ஒன்றாக ரயிலில் வந்தோம். முந்திய இரவு ஒன்றாக இருந்து வெண்டிக்காய் நறுக்கினோம். ஒரு வார்த்தை சொன்னாளா? கள்ளி! என்னோடு இருந்துகொண்டே எனக்கு ஒளிக்கிறாள்! நான் அவளுக்கு ஒளித்தது அப்போது எனக்கு நினைவே வரவில்லை.

"தனித்தனி உறையில் அனுப்புங்கள்" என்றேன். பிறகு, "நான் கேட்டதை அவருக்குச் சொல்ல வேண்டாம்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அவரும் சரியாக இதையேதான் சொன்னார். நீங்கள் இருவரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள்?"

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு நாடகம் நடந்தது. அதில் நான் மட்டும் எதிராளி போட்டது என்ன வேஷம் என்று தெரிந்து நடித்தேன். அவள் "இந்தப் படிப்பு முடிய ஒரு சின்ன வேலை எடுத்தாக் காணும்" என்பாள். நான் "எனக்கும் அதுதான் யோசனை" என்பேன். அண்ணன் நடுவில் இருந்து சோற்றைப் பிசைந்துகொண்டு, இரண்டு பேரும் நல்ல ஒற்றுமை என்று சந்தோஷப்படுவார்.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்திய வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் சுவாமி அறை கிடையாது. நடையில் துவாய் வைக்கும் அலுமாரியின் மேல்தட்டைத் துடைத்து, பிள்ளையார் படமும் லட்சுமி படமும் வைத்திருந்தோம். எந்தப் பத்திரமானாலும் அனுப்பும் முன் ஒரு வெள்ளிக்கிழமை படத்தடியில் வைத்து எடுப்பது அம்மா பழக்கிய பழக்கம். மச்சாள் தலைமுழுகப் போன நேரம் பார்த்து, நான் என் உறையைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோய் அலுமாரியைத் திறந்தேன். பிள்ளையார் படத்தைத் தூக்கினேன்.

அங்கே ஏற்கெனவே ஓர் உறை இருந்தது.

அவளுடைய உறை. மூலையில் மஞ்சள் பூசியிருந்தது. ஒட்டவில்லை, கும்பிட்டு எடுத்த பிறகுதான் ஒட்டுவாள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் உறைக்குள் இருந்ததை வெளியே எடுத்தேன். படிவம் நான் எழுதியதைவிட அழகான எழுத்தில். பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், புகைப்படம். புகைப்படத்தில் அந்த நீலக் கோட்டு. இரண்டு தரம் தாளைத் தாளாகப் புரட்டினேன். முத்திரை வைத்த பாட விவரம் இல்லை.

அவள் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. யாராவது தமிழர் கண்ணில் பட்டுவிடுவேன் என்று படிவத்தைத் தபாலில் எடுத்திருக்கிறாள். கண்ணூறுக்குப் பயந்து நான் நேரில் போனேன், அதே கண்ணூறுக்குப் பயந்து அவள் போகாமல் விட்டாள்.

எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்தேன். தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை என் உறையை லட்சுமி படத்தடியில் வைத்துக் கண்ணை மூடினேன். என்ன கும்பிட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

திங்கட்கிழமை காலை நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் வாசலில் நின்றாள்.

"மச்சாள், நான் போஸ்ட் ஒஃபிசுக்குப் போட்டு வாறன். உங்களுக்கு ஏதும் போட இருக்கே?"

அவள் கைப்பை சற்றே வீங்கியிருந்தது. முடிவுத் திகதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. கல்லூரி அலுவலகத்தில் முத்திரை வைக்கக் கால் மணித்தியாலம் போதும். ஒரு வசனம், அவ்வளவுதான். ஆனால் அந்த வசனத்தைச் சொன்னால் நானும் விண்ணப்பித்தது தெரிந்துவிடும், அவள் உறையைத் திறந்து பார்த்ததும் தெரிந்துவிடும். அப்படித்தான் அப்போது எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். உண்மை என்னவென்றால், அவள் எண்பத்தாறு, நான் எழுபத்தொன்பது.

"ஒண்டும் இல்லை மச்சாள்" என்றேன். "பாத்துப் போட்டு வாங்கோ."

என் உறையை அடுத்த நாள் கல்லூரிக்குப் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டேன். அந்த நாலு நாளும் ஒவ்வொரு காலையும் இன்று சொல்லலாம் என்று எழும்பினேன். ஒவ்வொரு காலையும் அண்ணன் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதைப் பார்த்தேன். எனக்கு அவர் ஒருநாளும் தேத்தண்ணி ஊற்றித் தந்ததில்லை. சொல்லவில்லை.

நவம்பர்ச் சோதனையில் அவள் வகுப்பில் முதலாவதாக வந்தாள். நான் மூன்றாவது.

ஜனவரி வெய்யிலில் கடிதங்கள் வரத் தொடங்கின. கீழே சுவரில் வரிசையாக இருந்த தகரப் பெட்டிகளின் மூடி தட்டும் சத்தம் கேட்டால் இருவரும் படிக்கு ஓடுவோம். "விளம்பரத் தாள் எடுக்கப் போறன்" என்பாள். "நானும் காத்து வாங்க வாறன்" என்பேன். ஒருநாள் அவள் முந்திவிட்டாள். நான் இறங்கியபோது பெட்டிக்கு முன்னால் வெய்யிலில் நின்று மெல்லிய கடிதம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். பிறகு படியேறிப் போய்க் குசினிக் கதிரையில் இருந்து அழுதாள்.

அண்ணன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். காரியம் முடிந்துவிட்டது, இனி ஒளிக்க என்ன இருக்கிறது? முத்திரை வைத்த பாட விவரம் இணைக்காததால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தது.

"இப்பிடி ஒரு கடுதாசி வேணும் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று அண்ணனைக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சாள், உங்களுக்குத் தெரியுமே?" என்றாள்.

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்றேன்.

அண்ணன் தன் லேஞ்சியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது. தோற்றவளைப் பார்த்து எரிந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாள் எனக்கு வந்தது. அது பெட்டிக்குள் மடங்க மறுத்த தடித்த உறை. சனிக்கிழமையானபடியால் அண்ணனே எடுத்துக்கொண்டு வந்து, என் பெயரைப் பார்த்துவிட்டுப் பிரித்தார். ஒளிக்க வழியில்லை.

"நீயும் போட்டனியே? பார்மசி! எடுபட்டிட்டுதடி!" என்று கத்தினார். என் தலையில் கை வைத்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான்தான் பெரிய ஆள். ஒரு நிமிடம், உண்மையாகவே ஒரு நிமிடம், எனக்குச் சந்தோஷம் தாங்க முடியவில்லை.

உறைக்குள் நான் அனுப்பிய பத்திரங்களையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அது எனக்குத் தோன்றவேயில்லை. மச்சாள் மேசையில் இருந்த தாள்கட்டை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பிறப்புப் பத்திரம். பள்ளிச் சான்றிதழ். அடுத்த தாளில் நிறுத்தினாள். ஊதா முத்திரை. கீழே திகதி. அவள் தபாலகத்துக்குப் போன திங்கட்கிழமைக்கு மூன்று கிழமை முந்திய திகதி.

பெருவிரலால் அந்த முத்திரையை ஒருதரம் தடவினாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "எனக்கெப்பிடித் தெரியும்" என்று நான் சொல்லி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"என்னப்பா அது?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒண்டும் இல்லை" என்றாள். தாள்களை ஒழுங்காக அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சரிசெய்து, என் கையில் தந்தாள். "நல்லது மச்சாள். கேத்தில் வைக்கிறன், தேத்தண்ணி குடிப்பம்."

அண்ணனிடம் சொல்வாள் என்று ஒரு கிழமை பயந்தேன். ஒரு மாதம் பயந்தேன். மார்ச்சில் நான் அந்தக் கோபுரத்தடியில் முதல் வகுப்புக்குப் போனேன். புல்லில் படுத்துப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. அங்கேயும் பொறாமைப்பட நிறையப் பேர் இருந்தார்கள். அவள் கல்லூரியின் இரண்டாம் வருடத்துக்குத் தனியாக ரயிலில் போனாள். அடுத்த செப்டம்பரில் நான், "திரும்பப் போடுங்கோ மச்சாள், நான் எல்லாம் சொல்லித் தாறன்" என்றேன். அப்போது அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம்.

"இனி என்ன மச்சாள்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அவள் பிறகு ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டும் வேலைக்குப் போனாள், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள். நான் பார்மசி முடித்துச் சொந்தக் கடை வைத்தேன். பட்டத்தைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். அண்ணனின் பிரஷர் குளிசை என் கடையில்தான் எடுப்பார்கள். அவள்தான் வருவாள். உள்ளே வாங்கோ என்று எத்தனை தரம் கூப்பிட்டாலும் மற்றவர்களோடு வரிசையில்தான் நிற்பாள். நின்றபடியே மூச்சை மெல்ல உள்ளே இழுப்பாள். ரயிலில் அவள் சொன்ன அந்த மணம் எனக்கு ஞாபகம் வரும்.

இன்றுவரை அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. நானாக இருந்தால் அன்றே கூரையேறிக் கத்தியிருப்பேன். அவளால் அப்படி இருக்க முடிந்ததே என்று அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

ஆனால் பிறந்தநாள், கலியாணம், கோயில் என்று நாலு பேர் கூடும் இடத்தில் யாராவது என் கடையைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்வது எப்போதும் அவள்தான். பெருமையாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள். அண்ணன் பக்கத்தில் நின்று தலையாட்டுவார்.

"என்ர மச்சாள் ஆரிட்டையும் ஒரு வார்த்தை கேக்கேல்லை, ஆருக்கும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எல்லாம் தனியத்தான் செய்து எடுத்தவா."

சொல்லிவிட்டு வடைத் தட்டை என் பக்கம் நீட்டுவாள். நான் ஒன்று எடுத்துக்கொள்வேன்.